நான் என்றே சொல்லுங்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இணையவழி விரிவுரை நடந்துகொண்டிருந்தபோது, என் நண்பனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

"அசைன்மெண்ட்ல இருந்து என் பேர எடுத்துரு மச்சான். நீ தனியாவே குடுத்துரு."

நாங்கள் இருவரும் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பீடத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். சேர்ந்த முதல் நாளிலிருந்து ஒரே வாங்கில்தான் இருப்போம். அவன் மலையகத்துப் பிள்ளை. அப்பா, அம்மா இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. நான் கொழும்பிலேயே கொட்டாஞ்சேனை. அசைன்மெண்ட் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வோம். புள்ளிவிபரப் பகுதி அவனுக்கு, எழுத்துப் பகுதி எனக்கு. தன் பெயரை எடுக்கச் சொல்கிற ஆள் இல்லை அவன். இரண்டு புள்ளி குறைந்ததற்காக விரிவுரையாளரின் அறை வாசலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றவன்.

தொற்றின் இரண்டாம் அலைக் காலம் அது. பல்கலைக்கழகத்தை மறுபடியும் மூடியிருந்தார்கள். முதல் அலையின்போது அவன் ஊருக்குப் போய்விட்டான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சிக்னல் இல்லை. விரிவுரை கேட்பதற்காக ஒவ்வொரு நாளும் மலையில் ஏறி ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பான். மழை பெய்தால் அன்றைக்கு விரிவுரை இல்லை. அந்த அனுபவம் போதும் என்று இரண்டாம் தடவை ஊருக்குப் போகாமல் கொழும்பில் வெள்ளவத்தையிலேயே தங்கிவிட்டான். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடிவீட்டின் மேல்தளத்தில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த அறை. மற்ற இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள்.

"எனக்கு சிக்னல்தான்டா முக்கியம். ரெண்டு கெழம தான, இருந்துருவேன்" என்றான். அந்த இரண்டு கிழமை ஏழு வாரமாக நீண்டது.

செய்தியைப் பார்த்தவுடன் அழைத்தேன். எடுக்கவில்லை. அன்று முழுவதும் எடுக்கவில்லை. அடுத்த நாள் பதினொரு மணியளவில் எடுத்தான்.

"ஏன்டா ஃபோன் எடுக்கேல்ல?"

"தெரியல மச்சான். அது அடிக்கிறது கேக்கும். கைய நீட்டணும்ல. அது முடியல."

"சாப்பிட்டியா?"

"கீழ அன்ரி ரொட்டி குடுத்தாங்க. இருக்கு."

"எப்ப தந்தவ?"

அதை விட்டுவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான்: "தூக்கம் வரலடா. பகல்லயும் வரல. செவுத்தப் பாத்துக்கிட்டே இருக்கேன். நாளைக்கு நான் இல்லாட்டியும் யாருக்கும் ஒன்னும் கொறயாதுன்னு தோணுது."

இப்படியான நேரத்தில் என்ன கேட்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. வாயில் வந்ததை நேராகவே கேட்டேன்.

"செத்துப் போக வேணும் எண்டு நினைக்கிறியாடா?"

"அப்படி எதுவும் செஞ்சுக்க மாட்டேன். பயப்படாத. ஆனா அந்த நெனப்பு வந்து வந்து போகுது."

நான் தொலைபேசியை வைக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதிகம் பேசாமலே அழைப்பைத் திறந்து வைத்திருந்தோம். கடல் இரைவதும், காகம் கத்துவதும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டன. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் சாதாரண நாளில் ஒரு பஸ் பயணம்தான். அன்றைக்கு எங்கள் ஒழுங்கை வாசலிலேயே பொலிஸ் கயிறு கட்டியிருந்தது. இடையில் அவனிடம் வீட்டுக்கார அன்ரியின் எண்ணை வாங்கினேன். அழைப்பு முடிந்ததும் அவருக்கு எடுத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை அவர், தனியாக இருப்பவர். தொற்றுக்குப் பயந்து சாப்பாட்டைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

"அன்ரி, அவனுக்கு மனம் சரியில்லை. ஒருக்கா கதவைத் தட்டிப் பாப்பீங்களா? காலமை, பின்னேரம்."

"ஐயோ, நான் பெடியன் படிக்கிறான் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். அன்று பின்னேரமே முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு மேலே ஏறி, கதவடியில் கதிரை போட்டு அமர்ந்து, அவன் ரொட்டியைத் தின்று முடிக்கும்வரை கதைத்துக்கொண்டிருந்தாராம்.

பீடத்தின் வாட்ஸ்அப் குழுவில் மாணவர் உளவளத்துணைச் சேவை பற்றி ஓர் அறிவித்தல் முன்பே வந்திருந்தது. மனஅழுத்தம் இருந்தால் அழையுங்கள், மும்மொழியிலும் பேசலாம் என்று போட்டிருந்தது. அதை அவனுக்கு அனுப்பினேன்.

"கூப்பிட்டேன்டா, போன கெழம" என்றான்.

"என்ன சொன்னவை?"

"ஒரு மிஸ் எடுத்தாங்க. நல்ல மாதிரிதான். 'ஒயாட்ட கொஹொமத'ன்னு கேட்டாங்க. 'ஹொந்தாய்'னு சொல்லிட்டு வச்சிட்டேன்."

எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். நல்லாயிருக்கிறேன் என்று இவன் சொல்லியிருக்கிறான். கேட்ட எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஏன்டா அப்பிடிச் சொன்னனீ?"

"வேற என்னத்த சொல்ல? பஸ்ல எறங்க, கடையில சாமான் வாங்க எனக்கு சிங்களம் இருக்கு. இதச் சொல்ல இல்ல."

நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடியதே சிங்களத்தில்தான். நானே அந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் அதே மிஸ்தான். நடந்ததைச் சொன்னேன். அவர் சிங்களத்தில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்; தம்பி என்பதற்கு அவர் சொன்ன 'மல்லி'யை மட்டும் மாற்றவில்லை.

"'நல்லாயிருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வைத்த பிள்ளையா? அந்தக் குரல் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அலுவலக இலக்கத்துக்கு வந்த அழைப்பு, திரும்ப எடுக்க வழியில்லாமல் போயிற்று."

தமிழில் பேசும் உளவளத்துணையாளர் ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். பிள்ளைப்பேற்று விடுமுறையில் போயிருந்தார். அவருடைய இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.

"நண்பனை வைத்து மொழிபெயர்ப்பது சரியான முறை இல்லை, மல்லி. அவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. ஆனால் தமிழில் ஒருவரைத் தேடிப் பிடிக்கும்வரைக்கும் அவரைத் தனியாக விட முடியாது. அவர் சம்மதித்தால் மூன்று பேருமாகப் பேசுவோம். உங்களால் முடியுமா?"

முடியும் என்றேன். அவர் இரண்டு விடயம் சொன்னார். கேட்டதை வெளியில் ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்பது முதலாவது. இரண்டாவது எனக்குப் புதிதாக இருந்தது.

"அவர் 'எனக்கு நித்திரை இல்லை' என்று சொன்னால், நீங்களும் 'எனக்கு நித்திரை இல்லை' என்றே சொல்ல வேண்டும். 'அவனுக்கு நித்திரை இல்லையாம்' என்று சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு செய்தியாகிவிடுவார். நான் என்றே சொல்லுங்கள்."

நண்பன் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றான்.

என் வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். அப்பா ஒரு சிறிய வான் வைத்திருந்தார். விடியற்காலையில் பேலியகொடைச் சந்தையில் மீன் ஏற்றி ஹோட்டல்களுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போடுவது அவருடைய தொழில். சந்தையில் தொற்றுப் பரவியபோது அப்பாவுக்கும் வந்தது. பட்டப்பகலில் அம்புலன்ஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. எதிர்மாடிகளில் இருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கை காட்டவில்லை. எங்கள் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டினார்கள். அம்மா, தங்கை, நான் மூவரும் பதினான்கு நாள் உள்ளேயே இருந்தோம். அப்பா சுகமாகித் திரும்பி வந்தார். ஆனால் சந்தை மூடியிருந்தது. வான் ஒழுங்கையில் நின்றது. அவர் யன்னல் ஓரத்தில் பேசாமல் இருந்தார்.

அம்மாவுக்குத் தொய்வு. மாரி வந்தால் மூச்சு இழுக்கும். இந்த நோய் அம்மாவுக்கு வந்தால் என்னாகும் என்று அப்பாவைக் கொண்டுபோன அன்று என் தலைக்குள் ஒரு கேள்வி விழுந்தது. அது அப்பா திரும்பி வந்த பிறகும் போகவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அம்மாவின் காய்ச்சலை அளப்பேன். கை கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் கசிந்தது. அது கவனமாக இருப்பது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். உதவி தேவையானவன் வெள்ளவத்தையில் இருந்தான். நான் உதவி செய்பவன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு அறை. தங்கை உயர்தரப் பரீட்சைக்குச் சத்தமாகப் படிப்பவள். இரகசியம் பேச அங்கே இடமில்லை. ஒழுங்கைக்குள் இறங்குவதற்குத் தடை இல்லாதபடியால் அப்பாவின் வானைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு முன் இருக்கையில் அமர்ந்தேன். பின்னேரம் மூன்று மணி வெயில். எவ்வளவு கழுவியும் போகாத மீன் வாடை. அங்கிருந்துதான் மூன்று பேரும் பேசும் அந்த அழைப்பை எடுத்தேன்.

முதல் நாள் நண்பன் அதிகம் பேசவில்லை. மிஸ் கேட்பார், நான் தமிழில் சொல்வேன், அவன் நாலு சொல்லில் முடிப்பான்.

"வெறுத்துப் போச்சுன்னு சொல்லு" என்றான்.

"வெறுத்துப் போச்சு எண்டு நீ சொல்லு. நான் அப்பிடியே சொல்லுவன்" என்றேன்.

"சரி. வெறுத்துப் போச்சு."

"மட்ட எப்பா வெலா" என்றேன் நான்.

அதற்குப் பிறகு அவன், "தூக்கம் வர மாட்டேங்குது" என்றான். அதை நான் சிங்களத்தில் சொன்னேன்: "மட்ட நிந்த யன்னே நே." சொன்ன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். தமிழில் நித்திரை வருகிறது. சிங்களத்தில் நித்திரை போகிறது. வராவிட்டாலும் போகாவிட்டாலும் இரண்டு மொழியிலும் ஆள் விழித்துக்கொண்டுதான் கிடக்கிறான். இதை அழைப்பு முடிந்ததும் அவனிடம் சொன்னேன். "எங்கயோ போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கு, நம்மகிட்ட மட்டும் நிக்க மாட்டேங்குது" என்றான். பல நாளுக்குப் பிறகு அவனுடைய பழைய குரல் ஒரு நொடி எட்டிப் பார்த்தது.

இரண்டாம் அழைப்பில் கூடுதலாகப் பேசினான். ஊரில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலைநாள் குறைந்ததைப் பற்றி. தான் இங்கே சும்மா படுத்திருப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம் போல இருப்பதைப் பற்றி. நாள் முழுக்கத் தன்னைத் தவிர வேறு மனிதக் குரல் கேட்காத அறையைப் பற்றி. மிஸ் அவனுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுத்தார். காலையில் எழும்பியதும் படுக்கையைச் சுருட்ட வேண்டும். அன்ரி வரும்போது கதவைத் திறந்து வாசலில் இருந்து சாப்பிட வேண்டும். விரிவுரை முழுவதையும் கேட்க முடியாவிட்டால் பதினைந்து நிமிடமாவது கேட்க வேண்டும். அவனும் செய்து பார்த்தான்.

மூன்றாம் அழைப்பில்தான் நான் பிழை விட்டேன்.

மிஸ் கேட்டார்: "நித்திரை வராதபோது மனதுக்குள் என்ன ஓடுகிறது?"

நான் தமிழில் கேட்டேன். நண்பன் யோசித்துவிட்டு, "ஒன்னும் ஓடல. கூரையப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். ஃபேன் சுத்துறதப் பாப்பேன்" என்றான்.

நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். நான் ஃபேன் சுற்றுவதைப் பார்ப்பேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை. அடுத்த அறையில் அம்மா இருமுகிறாரா என்று கேட்டுக்கொண்டு கிடப்பேன். இருமினால் பயம். இருமாவிட்டால் அதைவிடப் பயம். எழும்பிப் போய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பிறகு கை கழுவுவேன். எல்லாவற்றையும் "நான்", "எனக்கு" என்றே சொன்னேன். அதுதானே எனக்குத் தரப்பட்ட விதி.

"டேய்" என்றது நண்பனின் குரல். "நான் அம்மாவப் பத்தி ஒன்னுமே சொல்லலயே."

அம்மா என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்று. அதை வைத்துத்தான் அவன் பிடித்துவிட்டான்.

என்ன நடந்தது என்று மிஸ் சிங்களத்தில் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி வானின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் பேச வேண்டும். பேசியவன் நண்பன். பஸ்ஸில் இறங்கவும் கடையில் சாமான் வாங்கவும் மட்டும் வைத்திருந்த தன் சிங்களத்தைத் திரட்டி, ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னான்:

"மிஸ்... எயாட்டத் நிந்த நே."

அவனுக்கும் நித்திரை இல்லை, மிஸ்.

அந்த நான்கு சொல்லும் என்னை உடைத்துவிட்டன. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அப்பாவை அம்புலன்ஸில் ஏற்றியபோது வராத அழுகை. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவசரப்படுத்தவில்லை. நண்பன் இடையிடையே, "இருக்கேன்டா, இருக்கேன்டா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் தெளிந்ததும் மிஸ் சொன்னார்: "நான் முதலிலேயே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், மல்லி. என்னுடைய பிழை. இனி இரண்டு பேருக்கும் தனித்தனியாக நேரம் வேண்டும். உங்களோடு நான் பேசுகிறேன். அவருக்குத் தமிழில் ஒருவரை இந்தக் கிழமைக்குள் எப்படியாவது கண்டுபிடிக்கிறேன்."

சொன்னபடி செய்தார். எத்தனை பேருக்கு அழைத்தாரோ தெரியாது. வெள்ளிக்கிழமை நண்பனுக்கு ஓர் அழைப்பு வந்தது. வேறோர் இடத்தில் வேலை செய்த, தமிழ் பேசும் முஸ்லிம் பெண்மணி ஒருவர். கொழும்புக்காரர்; 'சொல்லுங்க' என்பதை 'செல்லுங்க' என்பார். தன் சொந்த நேரத்தில் கிழமைக்கு ஒரு தடவை பேச ஒப்புக்கொண்டிருந்தார்.

"எப்பிடிடா இருந்தது?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"'செல்லுங்க மகன், அவசரமில்ல'ன்னாங்க. அவ்வளவுதான்டா. நாப்பது நிமிஷமும் அழுதேன். மொழிபெயர்க்க ஒன்னுமே இல்ல" என்றான். அவன் சிரிப்பது கேட்டது.

நான் மிஸ்ஸோடு சிங்களத்தில் பேசத் தொடங்கினேன். வீட்டில் தமிழில் சொல்ல முடியாதவற்றை அந்த மொழியில் சொல்ல எனக்கு ஏனோ இலகுவாக இருந்தது. தேர்மோமீட்டரைத் தங்கையிடம் கொடுத்துவிடச் சொன்னார். காய்ச்சல் பார்ப்பது இனி அவள் வேலை, ஒரு நாளைக்கு ஒரு தடவை. கை கழுவுவதை எண்ணி எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே பயமாக இருந்தது. அடுத்த கிழமை அதைப் பாதியாக்கினோம். எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. அம்மா ஒரு நாள் குளிரில் நடுங்கியபோது நான் மறுபடியும் பழைய இடத்துக்கே போய் விழுந்தேன். அதையும் சொன்னேன். "விழுந்ததை அன்றைக்கே சொன்னீர்களே, அது புதிது" என்றார்.

இந்த அழைப்புகளில் ஒன்று முடிந்த நேரத்தில் யாரோ வான் கண்ணாடியைத் தட்டினார்கள். அப்பா. கண்ணாடியை இறக்கினேன்.

"இந்த வெயிலுக்க உள்ளுக்கு இருந்து ஆரோட கதைக்கிறாய், தம்பி? பெட்டையோ?"

"இல்லையப்பா. யூனிவர்சிட்டியில ஒரு மிஸ்ஸோட. எனக்கு நித்திரை இல்லாமல் இருந்தது. மனமும் சரியில்லை. அதைப் பற்றிக் கதைக்கிறனான்."

திட்டுவார், அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுற்றி வந்து மற்றக் கதவைத் திறந்து ஏறி அமர்ந்தார். தன்னுடைய வானில் அவர் பக்கத்து இருக்கையில் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எனக்கும் அங்க நித்திரை இல்லைத்தான்" என்றார். "பக்கத்துக் கட்டில்ல இருந்த மனுசன் ஒரு நாள் காலமை பாத்தால் இல்லை. எங்க கொண்டு போனவை எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. அதுக்குப் பிறகு கண்ணை மூடப் பயம்."

"ஏனப்பா எங்களிட்டச் சொல்லேல்ல?"

"என்னத்தைச் சொல்லுறது? வந்திட்டன் தானே எண்டு இருந்திட்டன்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "அந்த மிஸ் என்னை மாதிரி ஆக்களோடயும் கதைப்பாவோ?"

"படிக்கிற ஆக்களுக்கு மட்டும் தானப்பா. ஆனா வேற இடம் இருக்காம். கேட்டுச் சொல்லட்டோ?"

"கேள்" என்றார். பிறகு இறங்கிப் போய் வானின் பின்கதவைத் திறந்துவிட்டார். காற்று வந்தது. "இப்பிடித் திறந்து வைச்சுக்கொண்டு கதை. வேகப் போறாய்."

அப்பா கடைசியில் யாரிடமும் போகவில்லை. ஆனால் என்னிடம் கதைத்தார். சந்தை திறக்கும்வரை, பின்னேரங்களில் இருவரும் அந்த வானுக்குள் இருந்து நிறையவே கதைத்தோம்.

மிஸ்ஸிடம் கேட்டுவிட்டு, தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் நான் ஒரு செய்தி போட்டேன். நண்பனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. "நித்திரை வராட்டி, மனம் சரியில்லாட்டி, கதைக்க ஆக்கள் இருக்கினம். நான் கதைக்கிறன். தமிழிலயும் ஆள் இருக்கு. நம்பர் வேணுமெண்டால் தனியாக் கேளுங்கோ."

நீல நிறச் சரிக் குறிகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒருவரும் பதில் போடவில்லை. எங்கள் வகுப்பில் எதற்கும் பகிடி விடும் ஒருத்தன் மட்டும், "மச்சான், மண்டை தட்டிட்டுதா?" என்று சிரிப்புப் பொம்மைகளோடு எழுதினான். நான் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். போட்டிருக்கவே கூடாது என்று நினைத்தேன்.

பின்னேரம் எடுத்துப் பார்த்தபோது தனிச் செய்திகள் வந்திருந்தன. முதலாவது, நான் ஒரு நாளும் பேசியிராத முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி. "அண்ணா, அந்த நம்பர். வீட்டுக்குத் தெரியவருமா?" தெரியவராது என்று எழுதினேன். பிறகு இன்னொருத்தர். பிறகு இன்னொருத்தர். கிழமைக் கடைசியில் அந்தப் பகிடிக்காரனும் எழுதினான்: "நம்பரை அனுப்பு. எனக்கில்ல, ஒரு ஃபிரெண்டுக்கு." யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஆனால் அந்த எண்ணில் முதலில் கேட்கும் குரல் இன்னும் சிங்களமாகவே இருந்தது. தமிழில் பேசியவரோ ஒரேயொருவர், அதுவும் தன் சொந்த நேரத்தில். பகிரும் ஒவ்வொரு தடவையும் நான், "அவை எடுத்தவுடனே 'டமில்' எண்டு சொல்லுங்கோ, வைச்சிடாதேங்கோ" என்று சேர்த்து எழுத வேண்டியிருந்தது. நண்பனும் நானும் பீடத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். தமிழ்ப் பகுதி அவன், சிங்களப் பகுதி நான். புதிய கட்டடம் கேட்கவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. கிழமையில் இன்ன நாள், இன்ன நேரம் அழைத்தால் எடுப்பவர் தமிழிலேயே தொடங்குவார் என்று அறிவித்தலில் போடுங்கள் என்றுதான் கேட்டோம். மிஸ் தன்னுடைய பக்கத்திலிருந்து ஒரு கடிதம் இணைத்தார். பதில் வரவில்லை. திரும்ப அனுப்பினோம். மூன்றாம் தடவை அனுப்பிய பிறகு, கூட்டத்தில் எடுத்துக்கொண்டதாக ஒரு வரி வந்தது. அதற்கும் சில மாதம் கழித்துத்தான் அறிவித்தல் வந்தது. கிழமையில் இரண்டு பின்னேரம் தமிழ். விடுமுறையில் போனவர் திரும்பி வந்திருந்தார், அவரோடு இன்னொருவரும்.

அதற்கு முன்பே கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள். பஸ் ஓடத் தொடங்கிய முதல் கிழமையே நான் வெள்ளவத்தைக்குப் போனேன். நண்பன் ஒழுங்கை முனையில் நின்றான். தலைமுடி காதை மூடி வளர்ந்து, ஆள் மெலிந்து, முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. கட்டிப்பிடிக்கலாமா கூடாதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. முழங்கையை முழங்கையில் இடித்துக்கொண்டோம்.

காலி வீதிச் சைவக் கடையொன்றில் வடையும் தோசையும் பார்சல் கட்டிக்கொண்டு, தண்டவாளத்தைக் கடந்து கற்களில் போய் இருந்தோம். அவன் இரண்டு தோசையை முடித்துவிட்டு என்னுடையதிலும் பாதியைப் பிய்த்தான்.

"பசிக்குது" என்றான், தனக்கே ஆச்சரியமாக இருப்பது போல.

"இப்ப எப்பிடிடா?"

"சில நாளு நல்லாருக்கு. சில நாளு இல்ல. இல்லாத நாள்ல யாருக்கு ஃபோன் எடுக்கணும்னு தெரியும்." விரலைக் கடதாசியில் துடைத்தான். "நீ?"

"எனக்கும் அப்பிடித்தான்."

தெகிவளைப் பக்கமிருந்து ரயில் வந்தது. பல நாளாக ஆளில்லாமல் கிடந்த பாதையில் அன்று பெட்டிகளில் கொஞ்சம் சனம் இருந்தது. வாசலில் தொங்கிக்கொண்டு வந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கை காட்டினார். நாங்களும் காட்டினோம்.

அந்த அசைன்மெண்டை நாங்கள் பிந்திக் கொடுத்தோம். இரண்டு பெயரும் இருந்தன. புள்ளி குறைத்தார்கள், அவன் அறை வாசலில் போய் நிற்கவில்லை. அவ்வருடம் ஒரு பாடத்தை அவன் திரும்ப எழுத வேண்டி வந்தது. எழுதினான். இப்போது ஹட்டனில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. நான் பாமன்கடையில் ஒரு தனியார் அலுவலகத்தில் இருக்கிறேன். கை கழுவும்போது சில வேளை எண்ணத் தொடங்கிவிடுவேன். தொடங்கியது தெரிந்தவுடன் தண்ணீரை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன். மாதம் ஒரு தடவை இன்னும் ஒருவரோடு பேசுகிறேன், இப்போது தமிழில்.

அண்மையில் நண்பனின் தங்கைக்கு எங்கள் பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்தது. கொழும்புக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அவள் கேட்டதாகவும், தான் ஒரு பட்டியல் எழுதியதாகவும், விடுபட்டது இருந்தால் சேர்க்கும்படியும் சொல்லி, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். நுளம்பு வலை, குடை, பூட்டு இரண்டு, அடையாள அட்டைப் பிரதி, வாளி. அதற்குக் கீழே அதே கையெழுத்தில், உளவளத்துணை தமிழில் பேசும் இரண்டு நாளில் ஒன்று: புதன், பின்னேரம் இரண்டு மணி. அதற்கும் கீழே, பஸ் பருவச்சீட்டுக்கு இரண்டு புகைப்படம்.

"தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல் ஒண்டும் போடு" என்று எழுதினேன்.

அடுத்த நாள் அவனுடைய தங்கை பட்டியலைப் பார்த்துவிட்டாளா என்று கேட்டேன். பார்த்துவிட்டாளாம். வாளியைக் கொழும்பிலேயே வாங்கலாமே, பஸ்ஸில் ஏன் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டாளாம். பிறகு நேர அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, புதன்கெழம ரெண்டு மணிக்கு எனக்கு லெக்சர் இருக்கே. வேற நாள் எதும் இல்லையா?" என்றாளாம்.